மொழி கேட்காத வேலை: வட நோர்வேயில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பதினொரு குளிர்காலம்

அண்ணை 1988 ஒக்டோபரில் தனியாளாக வட நோர்வேக்குப் போனார். 1999 யூன் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட மறுநாள், வாடகை வான் ஒன்றில் சாமானை ஏற்றிக்கொண்டு மனைவி, மகள், மகனோடு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடி ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். இடையில் பதினொரு குளிர்காலம். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் "குளிர் ஏலாது" என்பார். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். யாழ்ப்பாணத்து ஆள் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

நானும் கனகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். போன வருடம் அண்ணி ஒரு பழைய பிஸ்கற் பேணியைத் தூக்கித் தந்தார். உள்ளே சம்பளத் துண்டுகள், கொம்யூனில் இருந்து வந்த கடிதங்கள், வைத்தியரின் சீட்டுகள், மகளின் பள்ளிக்கூட அறிக்கைகள். கொம்யூன் என்றால் அங்கே உள்ளூராட்சி. வீடு, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் அதன் கையில்தான். "நீ எழுதுற ஆள்தானே, பார். பேர் மட்டும் போடாதை," என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருவரோடும் உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். குளிர் என்ற பதில் கணக்கில் நிற்கவில்லை. நல்ல உடுப்பும் இல்லாமல் குளிரில் கிடந்த முதல் மூன்று வருடமும் அண்ணைக்குப் போகிற எண்ணமே வரவில்லை. வீடு, கார், நல்ல உடுப்பு எல்லாம் சேர்ந்த பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களை அங்கே கொண்டுபோனதும், பிறகு அங்கிருந்து கிளப்பியதும் ஒன்றுதான்: மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலை.

ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அங்கே இருந்தது ஒன்பது தமிழ்க் குடும்பம். பெயரைச் சொன்னால் ஒஸ்லோவில் ஏதாவது ஒரு கலியாண வீட்டில் வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அவ்வளவு வடக்கே ஏன் போனார்கள்?

நோர்வேயின் வடகிழக்கு மூலை ஃபின்மார்க். பரப்பில் டென்மார்க்கை விடப் பெரியது. சனம் எழுபத்தையாயிரம் மட்டில். யாழ்ப்பாணம் பத்துப் பாகை அகலாங்குக்குக் கீழே கிடக்க, ஃபின்மார்க் கரையோரம் எழுபதுக்கு மேலே இருக்கிறது. வர்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹாமர்ஃபெஸ்ட் என்று கரை நெடுக மீனை நம்பிய ஊர்கள். படித்த இளசுகள் தெற்கே போய்விடுவார்கள். மீனைத் துண்டு போடுகிற ஆலைகளுக்கு எப்போதும் கை தட்டுப்பாடு.

எங்கள் ஆட்களுக்கும் நோர்வேக்கும் தொடர்பு இதற்கு முந்தியது. 1956 இல் நோர்வே வந்த அந்தோனி ராஜேந்திரம்தான் அங்கே கால் வைத்த முதல் தமிழர் என்பார்கள். அவர் நோர்வே மக்களின் உதவியோடு ஊருக்குத் திரும்பித் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை பின்னியது. நோர்வே பணத்தில் யாழ்ப்பாணத்தில் மீன்பிடி வளர்ந்தது ஒரு காலம். யாழ்ப்பாணத்து வாத்தியார் பிள்ளைகள் நோர்வேயில் மீன் வெட்டப் போனது அடுத்த காலம்.

1975 இல் நோர்வே வேலைக்கான குடிவரவை நிறுத்திவிட்டது. அதன்பின் வந்தவர்களில் பலர் நாட்டார் உயர்பள்ளி என்ற தங்கிப் படிக்கும் கல்லூரிகளுக்கு மாணவராக வந்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு தஞ்சம் கேட்டு வருவோர் தொகை ஏறியது. அண்ணை 1986 இல் வந்த ஆள். அவருக்குக் கிடைத்தது அகதி அந்தஸ்து அல்ல, மனிதாபிமான அடிப்படையில் இருக்க அனுமதி. இந்த வித்தியாசம் தாளில் சின்னது, வாழ்க்கையில் பெரியது. மனிதாபிமான அனுமதிக்காரர் மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் காப்பாற்றப் போதுமான வருமானம் காட்ட வேண்டும். நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். ஒஸ்லோவில் கோப்பை கழுவினால் கடிதம் தருவாரில்லை. அத்தோடு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்ட வாங்கிய கடன் வேறு. ஃபின்மார்க்கில் இருந்து ஒரு மச்சான் ரெலிபோன் எடுத்தார்: "இஞ்ச வா. பாஷை கேக்கமாட்டாங்கள். கத்தி பிடிக்கத் தெரிஞ்சால் காணும்."

அண்ணைக்குக் கத்தியும் பிடிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் மீனை வாங்குவோம், சாப்பிடுவோம். வெட்டுகிற வேலை வேறு ஆட்களுடையது என்று நினைத்து வளர்ந்த திமிர்ச் சாதி நாங்கள். அந்தத் திமிரின் விலையை அண்ணை ஐஸ் தண்ணீரில் கட்டினார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் "கொம்பனியில் வேலை" என்றுதான் இருக்கிறது. பெரியப்பா சாகும்வரை அது என்ன கொம்பனி என்று அவருக்குத் தெரியாது.

குளிர், இருட்டு

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனென்றால் எதிர்பார்த்த அளவு இதில் ஒன்றும் இல்லை. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தால் அந்தக் கரையோரத் துறைமுகங்கள் உறைவதில்லை. வர்டோவில் சனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே நாலைந்து பாகைதான். உள்நாட்டில் இருக்கும் காரஷோக்கில் 1886 இல் பதிவான 51.4 பாகைக் குளிர் எல்லாம் கரைக்கு வருவதில்லை. கரையில் ஆளை வாட்டுவது காற்று. கார்க் கதவைக் கையால் பிடித்துத் திறக்காவிட்டால் கதவு போய்விடும். புயல் நாளில் மலைப் பாதையைச் சும்மா திறந்துவிடமாட்டார்கள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் கார்கள் வரிசை கட்டிப் போகவேண்டும். மகள் பிறந்தது 1991 பெப்ரவரியில். ஆஸ்பத்திரி கிர்க்கனெஸில். பாதை மூடினால் என்ன செய்வது என்று இரண்டு கிழமைக்கு முதலே அண்ணியைக் கொண்டுபோய் அங்கே இருத்திவிட்டார்கள். மொழி தெரியாத ஊரில், தனியே, வயிற்றோடு. அண்ணி இதைச் சொல்லும்போதும் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "பதின்நாலு நாள் வாய் திறக்கேல்லை," என்றார்.

சூரியன் நவம்பர் கடைசியில் போனால் சனவரி மூன்றாம் கிழமை மட்டில்தான் தலை காட்டும். ஆனால் அது நடுச்சாம இருட்டு இல்லை. 1996 சனவரியில் ஒரு மாதம் போய் நின்றேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் வானம் நீலச்சாயம் கரைத்த மாதிரி இருக்கும், பனியில் அந்த நீலம் பட்டுத் தெருவே தெரியும். வர்டோக் கோட்டையில் சூரிய வட்டம் முழுதாகத் தெரிகிற முதல் நாள் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு. அண்ணை இருந்த ஊரில் பீரங்கி கிடையாது. அண்ணி மேல்மாடி ஜன்னலில் நின்று பார்ப்பார். மலை விளிம்பில் ஒரு வெளிச்சக் கீற்று, பத்து நிமிடம். அன்றைக்குச் சக்கரைப் பொங்கல். தைப்பொங்கலை ஒரு கிழமை தள்ளி, சூரியன் வந்த பிறகுதான் வைப்பாராம். "இல்லாத ஆளுக்கு எப்பிடிப் பொங்கிறது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

மேசை

கொட் மீன் ஆலைக்குள் வந்ததும் தலை போகும், பாடர் இயந்திரம் முள்ளை எடுத்து இரண்டு பக்கமும் சதையாகப் பிரித்துத் தள்ளும். இயந்திரம் விட்டதை மனுசர் முடிக்க வேண்டும். மேசையின் மேற்பலகை வெள்ளைப் பிளாஸ்திக்கு, கீழே இருந்து விளக்கு. சதையை அதன்மேல் போட்டால் ஒளி ஊடுருவும். அதில் சுருண்டு கிடக்கும் சின்னப் புழு கறுப்பாகத் தெரியும். கத்தி நுனியால் தோண்டி எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கும் முள்வரிசை, கறுப்புச் சவ்வு, இரத்தப் பொட்டு எல்லாம் வழித்து, சதையைக் குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். துண்டுக் கணக்கு. கிலோ கூடினால் காசு கூடும், ஆனால் சதையை வீணாக்கினால் குறையும். கை உறைக்குள் இன்னொரு கை உறை, ஈரம், காதில் சத்தத்தடுப்பு.

அந்தக் காது மூடியைத்தான் நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்லுவேன். எட்டு மணி நேரம் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க ஏலாது. பக்கத்தில் நிற்பவர் நோர்வேக்காரராக இருந்தாலும் ஒன்றுதான், தமிழராக இருந்தாலும் ஒன்றுதான். இடைவேளைக்கு மணி அடித்தால் தமிழர் ஒரு மேசை, ஊரவர் ஒரு மேசை. யாரும் பகையோடு அப்படி உட்காரவில்லை. களைத்த ஆள் தன் பாஷை உள்ள பக்கம்தான் போவான். மேற்பார்வையாளருக்கும் அவசியம் இருக்கவில்லை. கையால் காட்டினால் போதும். அவர் கற்றுக்கொண்ட தமிழ் ஒரு சொல்: "கெதியா." அண்ணைக்கு முதல் வருடம் தெரிந்த நோர்வேச் சொற்கள் மீன், கத்தி, இடைவேளை, நல்லது.

கொம்யூன் வகுப்பு வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேணியில் அழைப்புக் கடிதங்கள் ஏழு இருக்கின்றன. வகுப்பு மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிவது நாலு மணிக்கு. ஆனால் படகு வந்தால் மீன் காத்திருக்காது, ஓவர்டைம். ஓவர்டைம் என்றால் கடன் கெதியாக அடையும். கடன்காரன் வகுப்புக்குப் போவானா, மேசைக்குப் போவானா?

இதற்கு ஒரு சாட்சியும் பேணிக்குள் கிடந்தது. அண்ணையிடம் இருக்கும் ஒரே மொழிச் சான்றிதழின் தேதி 1990 டிசம்பர். அந்த வருடம் பேரென்ட்ஸ் கடலில் கொட் மீன் அருகிப்போய்ப் பிடிக்கும் அளவை அரசு ஒரேயடியாக வெட்டியிருந்தது. ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வேலையில்லாக் கொடுப்பனவு வந்தது. அண்ணை வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் வகுப்புக்குப் போய், ஏழு மாதத்தில் பத்திரிகைத் தலைப்பு வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். பிறகு மீன் வந்தது. வகுப்பு நின்றது. வேலை போன நேரத்தில்தான் அவர் அந்த ஊருக்குக் கொஞ்சமாவது கிட்டப் போயிருக்கிறார் என்பது அவருக்கே நான் தேதியைக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

அதே 1990 இல்தான் அரசு ஃபின்மார்க்கையும் அதன் பக்கத்து வடக்குத் துரொம்ஸையும் சிறப்பு வலயமாக்கியது. ஆட்களை அங்கேயே நிறுத்திவைக்க வருமான வரி குறைவு, மின்சார வரி இல்லை, படிப்புக் கடனில் வருடாவருடம் ஒரு பங்கு தள்ளுபடி. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படிப்புக் கடன் தள்ளுபடி வாத்தியாரையும் தாதியையும் இழுக்கும். அண்ணைக்கு இருந்த கடன் ஏஜென்சிக் கடன். அதைத் தள்ளுபடி செய்ய எந்த வலயமும் இல்லை.

"உடம்பு முழுக்க நோ"

அண்ணி வந்த அடுத்த வருடமே மேசைக்குப் போனார். 1995 தொடக்கம் வைத்தியச் சீட்டுகள் பெருகுகின்றன. தோள், கழுத்து, தலை, வயிறு, பிறகு "உடம்பு முழுக்க." இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். ஒன்றும் பிழை இல்லை.

நான் போயிருந்தபோது ஒருநாள் அண்ணியோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்கும் நோர்வே பாஷை தெரியாது, துணைக்குத்தான். மொழிபெயர்த்தது மகள், ஐந்து வயது முடியவில்லை. சப்பாத்துக் கால் தரையைத் தொடாமல் கதிரையில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி சொன்னார்: "ஒண்டுக்கும் ஏலாமக் கிடக்கு. எழும்பினால் ஏன் எழும்பினன் எண்டு இருக்கு." பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்தியருக்கு ஒரு சொல் சொன்னது. என்ன சொன்னாய் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "அம்மாவுக்கு நித்திரை வருதாம் எண்டு சொன்னன்." வைத்தியர் நேரத்தோடு படுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரில் பிழை சொல்ல ஏலாது, பிள்ளையில் எப்படிச் சொல்லுவது? இன்றைக்கு நோர்வேயில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. தடை 2016 இல் வந்தது, மொழிபெயர்ப்பாளர் பற்றி என்றே ஒரு சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு இருபது வருடம் பிந்திவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆன் சிக்ஃப்ரிட் கிரென்செத் என்ற நோர்வே மானுடவியலாளர் அந்தக் காலத்தை ஒட்டி ஃபின்மார்க்கின் ஒரு மீன்பிடி ஊரில், அவரும் ஊர்ப் பெயரை மறைத்து, தமிழ் அகதிகளிடையே ஆய்வு செய்தார். வைத்தியம் பெயர் வைக்க முடியாத நோக்களோடு தமிழர் திரும்பத் திரும்ப வைத்தியரிடம் போவதை அவர் பார்த்தார். உறவும் மதிப்பும் அன்றாட வழக்கமும் அறுந்துபோனதை உடம்பு பேசுகிறது என்பது அவர் வாசிப்பு. பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா நோவையும் ஏக்கம் ஆக்கிவிடவும் கூடாது. ஒளிமேசையில் குனிந்து ஆயிரம் தரம் ஒரே கையை ஒரே மாதிரி அசைத்தவருக்குத் தோள் நோகாமல் என்ன செய்யும்? ஒஸ்லோ வந்த பிறகு பார்த்த இரத்தத்தில் விற்றமின் டி அடிமட்டத்தில் இருந்தது. கறுத்த தோலுக்கு வெயில் கூட வேணும். அங்கேயோ வருடத்தில் பல மாதம் தோலுக்கு உதவும் வெயிலே இல்லை. நோர்வேக்காரர், மாதப் பெயரில் "ஆர்" எழுத்து வருகிற காலம் எல்லாம், செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரை, கொட் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள். அண்ணிக்கும் ஒரு போத்தல் யாரோ கொடுத்திருக்கிறார்கள். பகல் முழுக்க மணந்த மீனை இரவு குடிக்கவும் வேண்டுமா என்று அலுமாரியில் வைத்துவிட்டார்.

நின்றுவிட்ட அக்கா

அந்த ஒன்பது குடும்பத்தில் ஒன்று இன்னும் அங்கேதான். எல்லாருக்கும் அதே காற்று, அதே இருட்டு. பிறகு என்ன வித்தியாசம்? அந்த அக்காவுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, சத்தி வரும். வேறு வழியில்லாமல் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கப் போனார். சம்பளம் மேசையை விடக் குறைவு, தமிழர் யாரும் அங்கே இல்லை. இருந்தவர்கள் கதைப்பதற்கு ஆள் தேடுகிற கிழவிகள்.

அவர்களிடம் கதையும் இருந்தது. 1944 இல் ஜேர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. ஐம்பதாயிரம் பேர் அளவில் தெற்கே ஏற்றி அனுப்பப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் குகையிலும் புற்குடிலிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். திரும்ப வேண்டாம் என்று அரசு சொன்ன பிறகும் சனம் தன்பாட்டில் திரும்பிவந்தது. ஒரு கிழவி தினமும் அதே கதையைச் சொல்லுவாராம், ஆடு ஒன்றைக் குகைக்குள் ஒளித்த கதை. நூறு தரம் கேட்டதில் அக்காவுக்கு அந்த ஊர்ப் பாஷை, ஊர் இழுவையோடேயே வந்துவிட்டது. ஒருநாள் அக்கா தன் வீடு எரிந்த கதையைச் சொன்னார். கிழவி கேட்டது ஒரே கேள்வி: "ஆடு இருந்ததா?"

அக்கா பிறகு படித்துத் தாதி உதவியாளர் ஆனார். ஊர்க் கடைக்குப் போனால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கே இருந்த காலம் முழுக்க அண்ணி "ஆலையில் வேலை செய்கிற தமிழ்ப் பெண்களில் ஒருவர்."

இதைச் சாமர்த்தியக் கதையாக யாரும் எடுக்கக் கூடாது. அக்கா கெட்டிக்காரி என்றும் அண்ணி அல்ல என்றும் இல்லை. ஒருவருக்குச் சத்தி வந்தது, மற்றவருக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பிய காரணம்

1998 இலையுதிர் காலத்தில் பெற்றோர் சந்திப்பு. மகளுக்கு ஏழு வயது. தன்னைப் பற்றி வாத்தியார் சொல்வதைத் தானே மொழிபெயர்த்தாள்: "நல்லாப் படிக்கிறனாம், சந்தோசமாம்." அண்ணையும் அண்ணியும் சிரித்துக் கைகொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே விசயம் கடிதமாக வந்தது, அக்கா வாசித்துச் சொன்னார். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள், இடைவேளையில் தனியே நிற்கிறாள், பெற்றோரோடு பேசியும் மாற்றம் இல்லை என்று இருந்தது. மகள் பொய் சொன்னதற்கு அண்ணிக்குக் கோபம் வரவில்லை. "வீட்டில ஆர் பெரியாள் எண்டு அண்டைக்குத்தான் யோசிச்சன்," என்றார்.

அடுத்த யூனில் வான் கிளம்பியது. இன்னும் இரண்டு வருடத்தில் ஆலையும் படுத்தது. மீனை முழுசாக உறையவைத்துச் சீனாவுக்கு அனுப்பி அங்கே வெட்டுவது மலிவு என்று ஆகிவிட்ட காலம். பிறகு தப்பிப் பிழைத்த ஆலைகளில் லிதுவேனியாக்காரரும் போலந்துக்காரரும் கத்தி பிடித்தார்கள்.

ஒஸ்லோவில் அண்ணை அலுவலகம் துப்புரவாக்கினார். அவருடைய நோர்வே பாஷை இன்றைக்கும் 1990 டிசம்பரிலேயே நிற்கிறது. அப்போ என் வாதம் உடைந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒஸ்லோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய் வைத்தியரோடு கதைக்க ஒரு மருமகன் இருக்கிறான். நாட்டு மொழி இல்லாமல் ஒரு மனுசரை அந்த நகரம் தாங்கும். இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் கதைக்க ஏலாதவர் கடைசிவரை வந்து நிற்கிற ஆள்தான். அண்ணைக்குச் சம்பளமும் மனைவியின் விசாவும் தந்த மேசை இதை மட்டும் தரவில்லை. தரவேண்டும் என்று ஆலையும் நினைக்கவில்லை, கொம்யூனும் கேட்கவில்லை, அண்ணைக்கும் நேரம் இருக்கவில்லை.

மகள் இப்போதும் வடக்கத்தி இழுவையில்தான் நோர்வே பேசுகிறாள். ஒஸ்லோவில் வாடகைக்கு வீடு பார்க்க ரெலிபோனில் கதைத்தவர்கள், நேரில் கண்டதும் ஒரு கணம் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார்களாம்.

அண்ணி ஒவ்வொரு வருடமும் தை பிறந்து ஒரு கிழமையில் அக்காவுக்கு ரெலிபோன் எடுப்பார். போன தையில் நானும் பக்கத்தில் இருந்தேன். சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை. எடுத்தவுடன், "வந்திட்டுதோ?"

அந்தப் பக்கம் சத்தமாகவே கேட்டது. "எங்க! முகில். நாளைக்குப் பாப்பம்."

அண்ணி அடுப்பில் வைத்திருந்த அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.